அரண்மனையில் கை நனைக்காத கதை

அரண்மனை பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான்: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பாங்காக் நகரத்தின் பெரிய அரண்மனையை நான் பசியோடு சுற்றியவன். தங்கக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன். என்னுடையது பசிக் கொட்டாவி.

எல்லாம் என் அக்கா பிலோமினாவால் வந்தது. அக்காவுக்கு ராயபுரத்தில் மீன் வியாபாரம். அத்தான் போன பிறகு கூடை சுமந்தே ஒரே மகள் ஷீபாவைப் படிக்க வைத்தவள். ஷீபா இப்போது பாங்காக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருடம் ஒரு நாள் போனில் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அந்தோன் என்று ஒரு பையன், அந்த ஊர்க்காரன்தான், ஆனால் நம்மைப் போல வேதக்காரக் குடும்பம். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன். அம்மா வேண்டாம் என்றால் கட்ட மாட்டேன், வேறு யாரையும் கட்டவும் மாட்டேன். பையனுக்கு என்ன வேலை என்று அக்கா கேட்டாள். "அரண்மனையில வேலைம்மா" என்றாள் ஷீபா.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பையன் எங்கள் தெருமுனையில் மேனேஜர் ஆனான், மீன் மார்க்கெட்டில் மந்திரி ஆனான், கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ராஜாவுக்கே சொந்தக்காரன் ஆகிவிட்டான். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரே அக்காவை நிறுத்தி, "ராஜ சம்பந்தமாமே?" என்று விசாரித்தார். ஊரே சந்தோஷப்பட்டது. அக்காவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

"பெரிய எடம்டா சேவி. நான் மீன் கூடய தூக்கிகினு திரியறவ. அந்த வூட்ல எம்பொண்ண மதிப்பாங்களா? ஒரு மூலைல வேலக்காரி மாரி ஒக்கார வெச்சிட்டா நான் இன்னாடா பண்ணுவேன்?"

"நேர்ல போயி பாத்துட்டு வந்துரலாம்க்கா" என்றேன். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். எவ்வளவு பெரிய சுமையானாலும் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் கொக்கி மாட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தவிர, தாய்மாமன் இல்லாமல் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

வழக்கம் என்றதும் அக்கா இன்னொன்றையும் கையில் எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டில் பிடித்துப்போய், பேச்சு முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டார் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் பெண்ணைக் கொடுத்த மாதிரி. "அந்தப் பையன் கையால இன்னா குடுத்தாலும் வாங்கப்டாது. ஒன் வாய கட்டு. நீ தாய்மாமன், நீ துன்னாலும் நான் துன்னா மாரிதான்" என்று விமான நிலைய வாசலில் வைத்துச் சொன்னாள். சரி, மூன்று நாள்தானே என்று தலையாட்டினேன்.

முதல் நாளே சோதனை ஆரம்பித்தது. அங்கே இறங்கி வெளியே வந்ததும் ஷீபாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக, சிரித்த முகமாக ஒரு பையன் நின்றான். இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து எங்களைக் கும்பிட்டான். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கும்பிட்ட கையோடு பையிலிருந்து இரண்டு இளநீரை எடுத்து நீட்டினான். சீவி, குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு. மலர்ந்த முகம் டக்கென்று மூடிக்கொண்டது.

"வேணாம் நைனா. இப்பத்தான் துன்னோம்."

எங்கே தின்றோம்? விமானத்தில் கொடுத்தது ஒரு பன். பையன் ஒன்றும் புரியாமல் இளநீரை என் பக்கம் திருப்பினான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

அன்று ஆற்றில் படகில் கூட்டிக்கொண்டு போனான். நம் ஊரில் ஷேர் ஆட்டோ எப்படியோ அப்படி அங்கே படகு. துறையில் நின்றும் நிற்காமலும் ஒருவன் விசில் ஊத, ஜனங்கள் குதித்து இறங்குகிறார்கள், குதித்து ஏறுகிறார்கள். டிக்கெட் கொடுக்கும் அம்மாள் ஒரு தகர உருளையைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டே வருகிறாள். அக்கா இதற்கெல்லாம் அசரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிட்டாள். நான்தான் ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்து மாட்டிக்கொண்டேன். நாற்பது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைத்தவனைப் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தள்ளி ஏற்ற வேண்டியதாயிற்று.

கரையோரத்தில் நூடுல்ஸ் கடைகள். பாரிமுனையில் பர்மாக்காரர்கள் போடும் அத்தோ வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. அந்தோன் நான்கு தட்டு வாங்கி வந்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தட்டு தானாகத் திரும்பிப் போனது. விடுதி அறைக்கு வந்து, ராயபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்து வைத்தாள். "துன்னு. நம்ம வூட்டு சோறு" என்றாள். ஊர் விட்டு ஊர் போய்ப் புளிசாதம் தின்பதற்கா பாஸ்போர்ட் எடுத்தேன் என்று கேட்கத் தோன்றியது. 

இரண்டாம் நாள்தான் அரண்மனை. அந்தோன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். ஷீபா பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏறினோம். பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கையைக் காலை ஆட்டி, "அரண்மனை இன்று மூடல். பெரிய பூஜை. மத்தியானம் திறப்பார்கள். அதுவரைக்கும் நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். நான் நம்பிவிட்டேன். வண்டி ஒரு ரத்தினக் கல் கடை வாசலில் போய் நின்றது.

கடைக்காரப் பெண் ஒரு நீலக் கல்லைப் பட்டுத் துணியில் வைத்துக் காட்டினாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேவி, செதில் மின்னுனா மீன் புதுசுன்னு எவனாவது சொன்னா நான் நம்புவனா? செவுள தூக்கிக் காட்ட சொல்லுடா இவள."

அதை எப்படி மொழிபெயர்ப்பது? நான் விழித்துக்கொண்டு நிற்க, அக்கா வெளியே போய் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். "யார்கிட்ட பீலா வுட்ற? காசிமேட்டுல கேளு, நான் யாருன்னு. எட்றா வண்டிய!" தமிழில்தான் சொன்னாள். அவனுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. பத்தே நிமிடத்தில் அரண்மனை வாசலில் இறக்கிவிட்டுப் பறந்தான். அரண்மனை திறந்துதான் இருந்தது. உள்ளே ஜனக்கூட்டம் திருவிழா மாதிரி போய்க்கொண்டிருந்தது.

வாசலில் எனக்கு இன்னொரு மரியாதை. வெளிநாடு போகிறோமே என்று அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். காவலர் என் முழங்காலைச் சுட்டிக்காட்டித் தலையாட்டினார். ராஜா வீட்டில் முழங்கால் காட்டக் கூடாதாம். எதிரே இருந்த கடையில் யானைப் படம் போட்ட பைஜாமா ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். முழங்காலுக்கு ஒரு யானை, பின்னால் இரண்டு யானை. அக்கா அங்கேயே குந்தி உட்கார்ந்து சிரித்தாள். மூன்று நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

உள்ளே நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. எனக்கும்தான். எங்கே பார்த்தாலும் தங்கம். தங்கம் இல்லாத இடத்தில் கண்ணாடிச் சில்லு, கண்ணாடிச் சில்லு இல்லாத இடத்தில் பூப்போட்ட பீங்கான். ஒரு சுவரை ஒருத்தன் ஆயுசு முழுக்க அலங்கரித்திருப்பான் போலிருக்கிறது. கூரைகள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. காற்றடித்தால் கூரை ஓரமெல்லாம் சின்னச் சின்ன மணிகள் கிணுகிணுக்கின்றன. வாசலுக்கு வாசல் கோரைப் பல்லோடு மாடி உயரத்துக்கு ராட்சதர்கள், கையில் கதாயுதத்தோடு காவல். நான் கொட்டாவியை மறந்து, இதையெல்லாம் கிரேன் இல்லாத காலத்தில் எப்படித் தூக்கி வைத்தான் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அக்கா கணக்கே வேறு. அவள் பார்த்தது அரண்மனை இல்லை, மாப்பிள்ளை வீடு. பையன் இருக்கிற இடம் இதுதானே?

"வாசல் எந்தப் பக்கம்டீ?"

"வடக்கும்மா" என்றாள் வந்து சேர்ந்திருந்த ஷீபா.

"தோஷமில்ல. சமையல்கட்டு எங்க?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்கம்மா."

"அய்ய, அது இன்னா வூடு? தண்ணி எங்கேர்ந்து வருது? இம்மாம் கண்ணாடிய யாரு தொடைக்கிறது? எம்பொண்ணா?"

ஒரு தூணின் தங்கப் பூவை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உடனே எங்கிருந்தோ ஒரு விசில். நான் பின்னால் இருந்த இரண்டு யானையும் தெரியக் குனிந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அரண்மனை வளாகத்திலேயே இருந்த புத்தர் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தோம். உயரத்தில் பச்சைக் கல்லில் சின்னதாக ஒரு புத்தர். பருவத்துக்கு ஒரு தங்க உடையாம், ராஜாவே மாற்றுவாராம். அது மட்டும் அக்காவுக்குப் பிடித்தது. "நம்ம மாதாவுக்கு புடவ மாத்துறா மாரி" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்தது சிம்மாசன மண்டபம். முத்துச் சிப்பி இழைத்த ஆசனம், மேலே அடுக்கடுக்காக வெள்ளைக் குடை. "ஒரு ஆள் ஒக்கார இம்மாம் எடமா?" என்றாள். பக்கத்தில் உயரமான மதில், மூடிய கதவு. அது என்ன என்று கேட்டதற்கு ஷீபா யோசிக்காமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அந்தக் காலத்து ராஜாக்களின் ராணிகள் இருந்த அந்தப்புரம். யாரும் உள்ளே போக முடியாது.

"எத்தினி பொண்டாட்டி?"

"நெறையம்மா. அது பழைய காலம்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. முகமெல்லாம் வேர்வை. "எனக்கு இந்த எடம் வேணாம் ஷீபா" என்றாள்.  "தங்கம் கீது, வைரம் கீது. ஒரு அடுப்பு கண்ல படல. நீ கூப்டா கேக்க ஒரு ஆள் இல்ல. நான் செத்தா வந்து சேர்றதுக்கு ஒன்ன வுடுவாங்களா? வேணாம்டீ."

 ஷீபா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, "வா, காட்றேன்" என்று பரபரவென்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மண்டபத்தின் பின்பக்கம், பச்சைத் துணி கட்டிய சாரம். மேலே ஏழெட்டுப் பேர் தூணில் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஷீபா கூப்பிட்டதும் ஒருவன் குரங்கு மாதிரி சரசரவென்று இறங்கினான். அந்தோன். தலையில் துணி, சட்டை முழுக்கப் பசை.

அக்கா அவனையும் சாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதா அரண்மனை வேலை? ஏண்டீ சொல்லல?"

"நீ எங்கம்மா சொல்ல வுட்ட? அரண்மனைன்னு வாயத் தொறந்ததும் தெருவுக்கே சொல்லிட்ட."

பையன் கும்பிட்டான். ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நீட்டினான். அவன் விரலெல்லாம் கண்ணாடி கிழித்த கீறல், சில இடத்தில் பிளாஸ்திரி. அக்கா பாட்டிலைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தாள். அவள் விரலும் அப்படித்தான் இருக்கும், மீன் முள்ளும் கத்தியும் கிழித்து. "ஒழைக்கிற கைடா சேவி" என்றாள் மெதுவாக. ஆனாலும் தண்ணீர் வாங்கவில்லை. தாகத்தில் உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் சட்டம் சட்டம்தான். வெளியே வந்து நானே ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பாதியை ஒரே மூச்சில் குடித்தாள்.

மூன்றாம் நாள் அந்தோன் வீடு. ஆற்றின் மறுகரையில், ஒரு பழைய மாதா கோயிலுக்குப் பின்னால், இரண்டு பேர் ஒதுங்கிப் போக வேண்டிய சந்து. எங்கள் ராயபுரத்துப் பனைமரத்தொட்டிச் சந்துகளில் ஒன்றைத் தூக்கி வந்து வைத்தது போலிருந்தது. மரவீடு, சின்னதுதான். வாசலில் மாதா படம். உள்ளே அந்தோனின் அம்மா மாலி, அக்கா வயதுதான் இருக்கும், கரி அடுப்பில் முட்டைக் கேக் சுட்டுக்கொண்டிருந்தார். அக்கா நேராக அடுப்படிக்குப் போனாள். அடுப்பைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. இன்று சோறு உண்டு.

மாலி ஒரு தட்டில் கேக்கை அடுக்கி அக்கா முன்னால் வைத்தார். அக்கா தொடவில்லை. பையன் வீட்டார் முறையாகப் பெண் கேட்க வேண்டுமே, அதற்குக் காத்திருந்தாள். மாலிக்கு அது எப்படித் தெரியும்? மூன்று நாளாக மகன் கொடுத்த எதையும் இந்த அம்மாள் தொடவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறார். முகம் சுண்டிப்போய் ஷீபாவிடம் ஏதோ சொன்னார். ஷீபாவின் கண் நிறைந்துவிட்டது.

"எங்க சாப்பாடு உங்களுக்கு அசிங்கமா இருக்கான்னு கேக்குறாங்கம்மா."

அக்கா பதறிப்போனாள். "அய்யோ, மாதாவே! அப்படி இல்லன்னு சொல்லுடீ!" பிறகு நான்தான் நிதானமாகச் சொன்னேன். சாப்பிட்டால் பெண்ணைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம், அதற்குத்தான் இந்தப் பட்டினி. ஷீபா வெட்கப்பட்டுக்கொண்டே தன்னைப் பற்றித் தானே மொழிபெயர்த்தாள். மாலி கடைசி வரைக்கும் கேட்டார். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, எனக்கு புடிச்சிகீது. குடு" என்று தட்டின் பக்கம் கையை நீட்டினாள்.

மாலி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நான் திகைத்துப் போனேன். மாலி சிரிக்காமல், கோபமும் இல்லாமல் பேசினார். ஷீபா வரிவரியாகச் சொன்னாள். "எங்க வழக்கத்துல புள்ளதான் பொண்ணு வூட்டுக்குப் போறவன். குடுக்கறது நான். உங்க வூட்ட நான் இன்னும் பாக்கல. இன்னிக்கு நீங்க சாப்டுட்டு, நாளைக்கு நான் வந்து பாத்துட்டு வேணாம்னு சொன்னா உங்களுக்கு எவ்ளோ அவமானம்? அதனால சாப்டாதீங்க. நான் வந்து பாக்கறேன்."

வேலைக்கும் குடித்தனத்துக்கும் இருவரும் பாங்காக்கில்தான் இருக்கப் போகிறார்கள். ராயபுரத்து வீட்டில் அவர்கள் குடியிருக்கப் போவதில்லை. அதை இரண்டு அம்மாக்களிடமும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். கேக் வாசனையோடு விமானம் ஏறினேன்.

விமானத்தில் அக்கா அரண்மனையைப் பற்றிப் பேசவே இல்லை. "என்ன மாரியே கீறாடா அவ" என்றாள் ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வூட்ட பாத்தா இன்னா சொல்லுவா?" என்றாள். 

இரண்டு மாதம் கழித்து மாலி வந்தார். அதற்குள் அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசல்படிக்கு டைல்ஸ் ஒட்டி, மீன் கூடைகளை எல்லாம் என் வீட்டில் கொண்டுவந்து தள்ளியிருந்தாள். இருந்தாலும் ஒன்றரை அறை ஒன்றரை அறைதானே? கன்டெய்னர் லாரி போனால் சுவரில் மாட்டிய படமெல்லாம் ஆடுகிற வீடு. காலை பத்து மணிக்கு மாலி, ஷீபா, அந்தோன் மூவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சித்திரை வெயில். அக்கா தண்ணீர் கொடுத்தாள், மாலி வேண்டாம் என்று தலையாட்டினார். மோர் கொடுத்தாள், அதற்கும் தலையாட்டல். கோலி சோடா உடைத்துக் கொடுத்தாள். மாலி கும்பிட்டார், வாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தோனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாலி எதையும் விடவில்லை. அடுப்படியில் பானை மூடியைத் திறந்து பார்த்தார். அடிபம்பை அடித்துப் பார்த்தார், நாலாவது அடியில்தான் தண்ணீர் வந்தது. மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கிருந்து துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நான் ஓட்டினதைச் சுட்டிக்காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் பழைய புடவையை, அதில் போட்டிருந்த தையல்களை, பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டையெல்லாம் ஒழுங்கு செய்த அக்காவுக்கு அதை எடுத்துவைக்கத் தோன்றவில்லை.

கீழே வந்து தரையில் உட்கார்ந்தார். தெருவே ஜன்னலில் நின்றது. அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள். மீன் மார்க்கெட்டையே அடக்குகிற குரல் தணிந்து வந்தது.

"ஷீபா, சொல்லு அவங்ககிட்ட. வூடு சின்னதுதான். எங்கிட்ட வேற இல்ல. இருக்கறத வெச்சிதான் ஒன்ன வளத்தேன். ஆனா அவங்க புள்ள இந்த வூட்டுக்கு எப்ப வந்தாலும் பசியோட படுக்க மாட்டான். அத்த மட்டும் சொல்லு."

ஷீபா சொன்னாள். சொல்லும்போது அழுதாள், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மாலி அக்காவையே பார்த்தார். காலையிலிருந்து தொடாமல் பக்கத்தில் இருந்த சில்வர் டம்ளர் தண்ணீரை எடுத்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல், மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு, டம்ளரை அக்காவிடம் நீட்டி ஷீபாவிடம் ஏதோ கேட்டார்.

"இன்னொரு டம்ளர் கெடைக்குமான்னு கேக்குறாங்கம்மா."

"குடிக்க சொல்லுடீ" என்றாள் அக்கா. கண்ணைத் துடைக்காமலேயே எழுந்து, பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.